உப்புப் போட்டேனா

உப்புப் போட்டேனா இல்லையா. சாம்பார் கொதித்து, கொத்தமல்லியும் கிள்ளிப் போட்டு, தட்டை எடுத்து மூடப் போகிற நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்து முன்னால் நிற்கிறது. வேறு நாளாக இருந்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால் தீர்ந்தது. இன்றைக்கு அமாவாசை, அதுவும் புரட்டாசி அமாவாசை. படைத்து, காக்கைக்கு வைத்து, காக்கை வந்து எடுத்த பிறகுதான் மனித நாக்கு. அதற்கு முன்னால் ருசி பார்த்தால் எச்சில். அம்மா இருந்தவரை இந்த நாளில் அடுப்படிப் பக்கம் நின்று மோந்துகூடப் பார்க்க விடமாட்டாள். என் வீட்டுக்காரி பிரமு முப்பத்திரண்டு வருஷம் அமாவாசைக்கு அமாவாசை ருசி பார்க்காமலே சமைத்திருக்கிறாள், ஒரு நாளும் ஒரு கல் கூடியதில்லை, குறைந்ததில்லை. கைக்குத் தெரியும் என்பாள். என் கைக்கு என்ன தெரியும். பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் உதவியாளராக இருந்த கை. பிளஸ் டூ பரீட்சைக்கு உப்பைச் சின்னப் பொட்டலமாக மடித்து மேஜைக்கு ஒன்றாக வைத்த கை. கொடுக்கப்பட்ட உப்பு யாதெனக் கண்டறிக. நிறமற்றது, படிகமானது, நீரில் கரையக்கூடியது. ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்காதே என்று முதல் நாளே வாத்தியார் சொல்லிவிடுவார், அமாவாசை அடுப்படிக்கும் அதே சட்டம்தான். வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு இருந்தால் போதும், தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் உப்பு உண்டு. சாம்பாரில் அதை விட்டால் பிறகு காக்கைக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது. வேடிக்கையாகத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஆனால் பயம் போகவில்லை. ஒரு சாம்பாருக்கு இவ்வளவு பயமா என்றால், சாம்பாருக்கு இல்லை.

மங்கை போன் பண்ணினதுவரைக்கும் ஞாபகம் சரியாக இருக்கிறது. ஓசூரிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குப் பண்ணுவாள், ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரம். போன் அடித்தபோது என் கையில் மூடி இருந்தது. பிரமுவுக்குத் தொண்டை கொப்பளிக்கக் கொடுத்த மருந்துப் பாட்டிலின் சிவப்பு மூடி, அதுதான் எனக்கு உப்பு அளவு. சாம்பாருக்கு இரண்டு மூடி, ரசத்துக்கு ஒன்றரை, பொரியலுக்கு அரை. உப்பு வைக்கிற மரச்சட்டி, பிரமுவின் மரவை, அதில் அவள் கை மட்டும்தான் போய் வந்துகொண்டிருந்தது, நான் இந்த மூடியை அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா, அம்மா நல்லா சாப்பிடுதாளா என்றாள். சாப்பிடுதா என்றேன். என்ன சொல்லுதா என்றாள். நல்லா இருக்குங்கா என்றேன். பிறகென்னப்பா என்றாள். பிறகென்ன. ஹாலுக்கும் அடுப்படிக்குமாக இரண்டு நடை நடந்தேன், உங்கள் ஊரில் மழையா என்று கேட்டேன், போனை வைத்தேன். திரும்பி வந்தால் மூடி மரவைக்குள் கிடக்கிறது. போட்டுவிட்டு வைத்தேனா, போடாமல் வைத்தேனா. போன் வந்தபோது மூடி கையில் இருந்ததென்றால் இன்னும் போடவில்லை என்றுதான் அர்த்தம். போட்டுவிட்டு எவனாவது மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பானா. போடவில்லை. முடிவு. இரண்டு மூடி போட்டுக் கலக்கினேன். கரண்டியைத் தட்டி வைக்கிறபோது வேறொரு ஞாபகம் வருகிறது, புளித்தண்ணீர் கொதிக்கும்போது உப்பு விழுந்து ஒரு பொங்கு பொங்கி அடங்கின சத்தம். அது இன்றைக்கா, முந்தாநாள் வைத்த குழம்பா. ஐம்பத்தொன்பது வயதில் ஒருவனுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் என்ன செய்தோம் என்று தெரியவில்லை. போன மார்கழியில் நடந்தது மட்டும் நிமிஷம் நிமிஷமாகத் தெரிகிறது.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு மாடி அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். தொண்டையில் வந்திருந்தது. வெற்றிலைகூடப் போடாதவள் தொண்டையில் வந்திருந்தது. புற்றுக்கு முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைக்க வேண்டும், கதிர்வீச்சு, என்றார்கள். முகத்துக்கு வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதைப் போட்டு மேஜையோடு திருகி வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள், கதவு மூடும், மேலே சிவப்பு விளக்கு எரியும். நான் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு அவள் செருப்பையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செருப்பை ஏன் மடியில் வைத்தேன் என்று தெரியவில்லை, கீழே வைக்க மனசு வரவில்லை. பத்தாவது நாள் எச்சில் வற்றியது. பதினைந்தாவது நாள் நாக்கில் ருசி போனது. கஞ்சி மண்ணு மாதிரி இருக்கு என்றாள், இளநீர் சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு என்றாள், பிறகு அதையும் சொல்லாமல் விட்டாள். எனக்கும் அங்கேதான் பிரஷர் என்று கண்டுபிடித்தார்கள், துணைக்கு வந்தவனுக்கு ஒரு மாத்திரைச் சீட்டு, உப்பைக் குறையுங்கள் என்று ஒரு புத்திமதி. ஒரு நாள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். நாக்கு போனால் போகிறது, ஆள் இருந்தால் போதும். அப்படியே வேண்டினேன், வார்த்தை மாறாமல். அப்படியே கிடைத்தது. ஆள் இருக்கிறாள். கழுத்துத் தோல் கருத்து, குரல் கம்மி, பதினாலு கிலோ இறங்கி இருக்கிறாள். இன்று காலை ஆற்றில் எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு ஏறும்போது பழைய கணக்கு வாத்தியார் அருணாசலம் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய கண்டம் தாண்டியாச்சு வே, சாமிக்கு நன்றி சொல்லும் என்றார். சரி சார் என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், நானும் நடக்கும்போதும் படுக்கும்போதும் நன்றி நன்றி என்று சொல்லிப் பார்க்கிறேன், வாய்தான் அசைகிறது. ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி மனசைப் பிழிந்தாலும் ஒரு சொட்டு வரவில்லை. வருகிற வியாழக்கிழமை மறுபடியும் மதுரை, மறுபடியும் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு வியாழக்கிழமை வேறு மாதிரி ஆகிவிட்டால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா என்று ஒரு கேவலமான யோசனை வேறு.

ஆனால் என்னைத் தின்கிறது வியாழக்கிழமை மட்டும் இல்லை, அந்த நல்லா இருக்குதான். பிரமநாயகி எப்பேர்ப்பட்ட வாய்க்காரி. கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வாய் வைத்ததும் அவியல்ல தயிர் பிந்திப் போட்டிருக்கான் என்பாள். ஓட்டலில் சாம்பாரை ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு, இது நேத்துப் பருப்பு என்று சர்வரிடமே சொல்லுவாள், நான் அடுத்த மேஜையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வேன். அவளுக்கும் அம்மாவுக்கும் இருபது வருஷம் யுத்தமே உப்பில்தான். வந்த புதிதில் அம்மா, உப்புக் கணக்கு தெரியாத கை என்று சொல்லிவிட்டாள், அதை இவள் மறக்கவே இல்லை. ஒருத்தி வைத்த குழம்பில் இன்னொருத்தி ஒரு கல் கூட்டிச் சொல்வதும், ஒரு கல் குறைத்துச் சொல்வதும். சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட விடுங்களேன் என்று நான் கத்தியிருக்கிறேன். ஊரைக் கூட்டிக் குற்றம் சொல்லும் அந்த வாய் இப்போது நான் எதை வைத்தாலும் நல்லா இருக்கு என்கிறது. குழைந்த சோறு நல்லா இருக்கு. அடிப்பிடித்த கூட்டு நல்லா இருக்கு. ஆனி மாதம் ஒரு நாள் தெரிந்தே ரசத்தில் உப்புப் போடாமல் வைத்தேன், செய்யக் கூடாததுதான், செய்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள். நல்லா இருக்கு என்றாள். பின்பக்கம் வேப்பமரத்தடியில் போய் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், அவள் வந்துவிடுவாளோ என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒரு வருஷம் ஆகலாம் என்றார் டாக்டர், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார். நாக்கு போய்விட்டது என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நல்லா இருக்கு என்கிறபோது அவள் முகம் இருக்கிறதே, அடுத்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் முகம். விருந்தாளி அப்படித்தான் சொல்லுவாள். விருந்தாளி எழுந்து போகப்போகிறவள். இப்போது இந்தச் சாம்பார், நான் நினைக்காமலே வந்து நிற்கிற இரண்டாவது சோதனை. இரட்டை உப்பு விழுந்திருந்து, அதையும் நல்லா இருக்கு என்று அவள் சொல்லிவிட்டால், பிறகு எனக்குக் காத்திருக்க ஒன்றும் இல்லை. கொட்டிவிட்டு வேறு வைக்கலாம். மணி ஒன்றாகப் போகிறது, அவள் காலையிலிருந்து வெறும் வயிறு, மாத்திரை வேறு இருக்கிறது. கொட்டவும் கை வரவில்லை.

அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் முன்னால் இலை போட்டேன். சோறு, பருப்பு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்ப் பச்சடி, அப்பளம், பாயசம். வடை தட்டத் தெரியாது, மன்னித்துக்கொள்ள வேண்டும். பிரமு குளித்துவிட்டு வந்து சாம்பிராணி போட்டாள், புகை தொண்டையைத் தொட்டதும் இருமினாள், ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு மதுரை வந்து போயிற்று. நான்காவது இருமலோடு நின்றது. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பிசைந்து மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுக் கா கா என்றேன். எங்கள் தெருவில் காக்கைக்கு இன்றைக்குக் கிராக்கி. எல்லா மாடியிலும் ஒரு ஆள், எல்லா வாயிலும் கா கா. அதுகளுக்கு எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல் மேலேயே சுற்றுகின்றன. போன புரட்டாசி அமாவாசைக்கு இங்கே யாரும் நிற்கவில்லை, அன்றைக்குத்தான் தொண்டையில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், அம்மா அப்பா இரண்டு பேரும் பட்டினி. அதற்குத்தான் இதெல்லாமோ என்று நினைத்திருக்கிறேன், பிறகு சதை எடுத்த பிறகுதானே அமாவாசை தப்பியது, நோய் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டதே என்று கணக்குப் பார்த்துத் தேறியிருக்கிறேன். வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. கடைசியில் ஒன்று வந்தது. சாம்பல் கழுத்து, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கி வைத்து நடந்தது, அம்மாவுக்குக் கடைசியில் அப்படித்தான் மூட்டுவலி. ஒரு வாய் கொத்தியது. நிமிர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது, சுவரில் அலகை இரண்டு பக்கமும் தேய்த்தது, பறந்து எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டது. மறுபடி வரவில்லை. எடுத்தது எடுத்ததுதான், விரதம் முடிந்தது, ஆனால் ஒரு வாய்க்கு மேல் எடுக்கவில்லை. என்ன கோபம், என்ன குறை. வியாழக்கிழமைக்கு இது என்ன அர்த்தம். கீழே வந்ததும் காக்கை எடுத்தாச்சா என்று பிரமு கேட்டாள், நொண்டிக் காக்கை ஒன்று ஒரே ஒரு வாய் எடுத்துவிட்டுப் போய்விட்டது என்றேன்.

அவளுக்கு முதலில் போட்டேன். எச்சில் சரியாக ஊறாததால் அவள் சாப்பிட நேரமாகும், அதனால் அவள் பாதி சாப்பிட்ட பிறகுதான் நான் போட்டுக்கொள்வது. எனக்கும் இலை போட்டுச் சோறு மட்டும் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். சாம்பாரை விட்டுத் தளரப் பிசைந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர், இந்த ஒரு மாதமாகத் தயிர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறாள், தண்ணீரும் நிறையக் குடிக்கிறாள், தொண்டை காய்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். முதல் வாய். நான் உப்பைக் கண்டுபிடிக்கிற பையன் சோதனைக் குழாயைப் பார்க்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை. தாடை மெதுவாக அசைந்தது, விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள். இரண்டாவது வாய். தண்ணீர். மூன்றாவது.

"எப்படி இருக்கு?" கேட்கக் கூடாது என்றிருந்தேன், கேட்டுவிட்டேன்.

"நல்லா இருக்கு."

அதே குரல், அதே முகம். ஒருவேளை உப்பு சரியாகத்தான் இருக்கிறதோ என்று ஒரு சின்ன ஆசை. அதையும் இப்போதே முடித்துவிடலாம் என்று சாம்பார்ச் சட்டியை இழுத்துக் கரண்டியை எடுத்தேன். என் சோற்றுக்கு மேலே அவள் இடது கை வந்து குறுக்கே மறித்தது, வளையல் கழன்று மணிக்கட்டுக்கும் கீழே தொங்குகிற கை.

"உங்களுக்கு வேண்டாம். மோர ஊத்திக்கிடுங்க."

"ஏன்?"

"பிரஷர் மாத்திர போடுத ஆளு. வேண்டாம்னா வேண்டாம்."

கரண்டி அப்படியே நின்றது. பிரஷருக்கும் இந்தச் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளுக்கும் தான் சொன்னது புரிந்துவிட்டது, கையை எடுத்துக்கொண்டு இலையைப் பார்த்தாள், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. வெளியே எங்கேயோ இன்னும் யாரோ கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிரமு, உனக்குத் தெரியுதா?"

தயிர்க் கிண்ணத்தை இலைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எம்புட்டு நாளா?"

"ஆவணி பொறந்ததிலேருந்து. மொதல்ல புளிப்பு வந்துது. பொறவு உப்பு. இனிப்பு இன்னும் சரியா வரல."

"ஏன்ளா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? தெரியுதுன்னு சொன்னா, பொறவு ரசத்துக்கு ஒண்ணு சொல்லணும், கூட்டுக்கு ஒண்ணு சொல்லணும். என் வாயி எனக்குத் தெரியாதா. அந்தக் கதவுக்கு வெளிய முப்பத்து மூணு நாளும் என் செருப்ப மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தீய. கதவத் தெறந்து வெளிய வரும்போதெல்லாம் பாப்பேன். அந்த மனுசன் ஒத்தக் கையா நின்னு பொங்கிப் போடுதாரு, அவரப் போயி உப்பு கூடிட்டு, கொறஞ்சிட்டுன்னு எப்படிச் சொல்ல."

ஒரு மாதம். ஒரு மாதமாக என் சமையல் முழுவதும் அவளுக்கு ருசி தெரிந்தே உள்ளே போயிருக்கிறது. குழைந்ததும் கரித்ததும் அடிப்பிடித்ததும். தயிரைக் கலந்து, தண்ணீரைக் குடித்து, வேளைக்கு வேளை நல்லா இருக்கு. அதைக் கேட்டுக் கேட்டு, போன ருசி போனதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏமாந்த கோபமும் கொஞ்சம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சந்தோஷம் வந்து கண்ணை மறைத்தது. நன்றி என்று யாரும் இந்த வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதில்லை. காலையில் ஆற்றங்கரையில் வராதது இப்போது நெஞ்சுக்குள் தானாகவே வந்துகொண்டிருந்தது.

"இப்பம் சொல்லு," என்றேன்.

"என்னத்த?"

"சாம்பாரு எப்படி இருக்குன்னு."

"வேண்டாம்."

"சொல்லுளா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கம்மின குரலைச் செருமிச் சரிபண்ணிக்கொண்டாள்.

"இது சாம்பாராங்க? திருச்செந்தூர்க் கடல்ல ஒரு செம்பு மோந்து வச்சாப்புல இருக்கு. நாக்கு பொத்துப்போவும். பருப்பு வேகல, புளி பச்ச வாசன போகல. பாவம் அத்தை, வருசம் கழிச்சு ஆசையா வந்திருப்பாவ, ஒரு வாயிலயே ஓடிட்டாவள்லா? எனக்கா உப்புக் கணக்கு தெரியாதுன்னு சொன்னாவ? பெத்த மகன் கையால தின்னு பாக்கட்டும்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் நிறுத்தவில்லை. வாழைக்காய் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"இதுல ஒரு கல்லு உப்பு கிடையாது. இதுக்குள்ளதயும் சேத்து அதுல கொட்டினீயளா?"

அப்போதுதான் தெரிந்தது. போன் வந்தபோது கையில் பிடித்திருந்த மூடி பொரியலுக்கு. சாம்பாருக்கு எப்போதோ போட்டாயிற்று, அந்தப் பொங்கின சத்தம் இன்றைக்கு உள்ளதுதான். சொன்னேன். போனும் கையுமா அடுப்படியில நிக்காதீயன்னு எத்தன தடவ சொல்லுதது என்று அதற்கு ஒன்று கிடைத்தது. மருந்து மூடியால உப்பு அளக்குத வீடு உலகத்துல உண்டா என்று மூடிக்கு ஒன்று. அங்கிருந்து முந்தாநாள் குழம்புக்குப் போனாள், போன வெள்ளிக்கிழமை கூட்டுக்குப் போனாள், ஆவணி முதல் நாள் வரை ஒவ்வொன்றாக எடுத்தாள், ஒன்றுகூட மறக்கவில்லை. வியாழக்கிழமை இருந்த இடத்தில்தான் இருந்தது, நான் அதைப் பார்க்காமல் இல்லை. என் இலையில் வெறும் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மோர் அடுப்படி மேடையில் இருக்கிறது. எழுந்து போனால் அவள் பேச்சு நின்றுவிடுமோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.